முறுக்காத கை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில், மூடிக் கிடந்த பஞ்சு அரவை ஆலை ஒன்றின் பின்னால் எங்கள் டிராக் இருந்தது. ஒருகாலத்தில் பருத்தி காயவைத்த சிமெண்டுக் களம் அது. ஓட்டுநர் பள்ளி முதலாளியை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் இளவயதில் மெட்ராசுக்குப் போய் ஒருமுறை மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்த்துவிட்டு வந்தவர். அந்த மயக்கம் கடைசிவரை அவருக்குத் தெளியவில்லை. களத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு முனையிலும் வளைவு வைத்து, நடுவில் பெரிதாக ஓர் எட்டு வரைந்து, வாசலில் ‘மோட்டார் சைக்கிள் டிராக் பயிற்சிப் பள்ளி’ என்று போர்டும் மாட்டினார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஷிப்ட் முடிந்து வரும் மில் தொழிலாளிகள், கடைக்காரர்கள், சேத்தூரிலிருந்து பஸ் ஏறி வரும் விவசாயிகள் என்று ஆள் வந்துகொண்டே இருந்தது. நான் அங்கே மாஸ்டர்.

முதல் நாள் வருகிற எல்லோரிடமும் ஒன்றைச் சொல்வேன். “வண்டி சரியும்போது கை தானா ஆக்ஸிலேட்டர முறுக்கும். முறுக்குனது ஒங்களுக்கே தெரியாது. பொறவு வண்டி மேல பழியப் போடுவீங்க.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்வேன்.

ஒரு நாள் காலை, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு ஒரு பைக் வந்தது. கூட ஒரு பெண் வந்து இறங்கினார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மம்சாபுரம் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். சுற்றி இருக்கிற ஊர்களுக்கெல்லாம் தடுப்பூசி போட அவர்தான் போக வேண்டும். பஸ் எப்போதாவதுதான் வரும். வண்டி பழக வேண்டும் என்றார்.

பாய் வண்டியைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார். “பழகலாம்மா. மொபெட்டுல பழகுங்க. சேலை கட்டிக்கிட்டு இந்தக் கியர் வண்டி எதுக்கு?”

“இருக்கிற வண்டிய விட்டுட்டு இன்னொண்ணு எதுக்கு? இதுலயே சொல்லிக் குடுங்க.”

 பாய் என்னைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “தம்பி, இது எந்த வண்டின்னு தெரியுமா? மில் பிட்டர் ஒருத்தன் கேணிக்குள்ள விட்டான்ல, அந்த வண்டி. இந்தம்மா அவன் பொண்டாட்டி.”

எனக்கும் அந்தக் கதை தெரியும். தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. எண்பதுகளின் கடைசியில் ஒரு மில்லில் ஆள் குறைத்தார்கள். வேலை போனவர்களில் அந்த பிட்டரும் ஒருவர். சில வாரங்கள் கழித்து, மம்சாபுரம் போகும் சின்ன ரோட்டில், வலப்பக்கம் கூர்மையாக ஒடியும் ஒரு வளைவில், திரும்பாமல் நேரே போய்த் தோட்டக் கிணற்றுக்குள் வண்டியோடு விழுந்தார். கிணற்றுப் படிக்கல்லில் தலை மோதி அங்கேயே உயிர் போய்விட்டது. பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒன்றைத்தான் சொன்னார்கள்: “வண்டி மெதுவாத்தான் வந்துச்சு. வளைவுல வந்ததும் ஆக்ஸிலேட்டர முறுக்கி, சத்தத்தக் கூட்டி, நேரா உள்ள போயிட்டாரு.” அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. வேலை போன துக்கத்தில் தானாகப் போய்ச் சேர்ந்தவர் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

கிணற்றிலிருந்து இழுத்த வண்டியை யாரோ நிமிர்த்திச் சரிசெய்து வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். விற்கப் பார்த்தார்கள். ஆளைக் கொன்ற வண்டி என்று ஒருவரும் வாங்கவில்லை. நாலு வருஷமாக மாட்டுக் கொட்டகையில் சாக்கு போர்த்தி நின்றிருந்தது.

நான் முதலில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். எங்கள் டிராக்கில் எப்போதும் இடப்பக்கமாகத்தான் சுற்றுவோம். சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு குறையும் இல்லை. இன்ஜின் சத்தம் சீராக இருந்தது. பிரேக் பிடித்தது. ஆனால் அந்த ரப்பர்க் கைப்பிடியில் விரல் அழுந்தி அழுந்தி ஏற்பட்ட குழிகள் இருந்தன. என் விரல்கள் அவற்றில் சரியாகப் போய் உட்கார்ந்தன. இறங்கியதும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். எதற்குத் துடைத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

நர்சம்மா நன்றாகப் பழகினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறுவார். பயம் என்பது அவரிடம் இல்லை, ஆனால் அவசரமும் இல்லை. மற்றவர்கள் வண்டியின் முன்சக்கரத்தையே பார்த்து ஓட்டுவார்கள். அவர் தலையை நிமிர்த்தித் தூரத்தில் மலையைப் பார்த்து ஓட்டுவார். பாடம் முடிந்ததும் உடனே கிளம்ப மாட்டார். வண்டி பக்கத்தில் செத்த நேரம் நிற்பார். டேங்கைத் தொட மாட்டார், தடவ மாட்டார். சும்மா நிற்பார். எதிரில் இருக்கும் ஆள் பேசட்டும் என்று காத்திருப்பதுபோல இருக்கும்.

எட்டு போடக் கற்றுக்கொடுக்க வேண்டிய நாள் வந்தது. லைசென்சு வாங்க அதுதான் முக்கியம். நர்சம்மாவோடு இன்னும் சிலர் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். “மொதல்ல நான் போட்டுக் காட்டுறேன். கால் தரையில படக் கூடாது. பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு அவருடைய வண்டியிலேயே ஏறினேன்.

இடது வட்டம் முடிந்தது. நடுவில் கோட்டைக் கடந்து, வலது வட்டத்துக்குள் ஹேண்டில்பாரை முழுசாக ஒடித்தேன். அந்த நொடியில் இன்ஜின் கத்தியது. அதற்கு வேறு சொல் எனக்கு இன்றுவரை அகப்படவில்லை. முன்னறிவிப்பே இல்லாமல் திடீரென்று ஓர் ஆள் காதருகில் கத்துவதுபோல. வண்டி என்னை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் பாய்ந்தது. கிளச்சைப் பிடித்திருக்கலாமே என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். அதைச் சொல்லிக்கொடுக்கிறவனே நான்தான். நினைப்பு கைக்கு வந்து சேர்வதற்குள் ஆலையின் பழைய கல்தூண் எதிரே வந்துவிட்டது.

கண் விழித்தபோது வானம் தெரிந்தது. வாயில் ரத்தமும் மண்ணும் இருந்தன. இடது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வண்டி எங்கேயோ பக்கத்தில் டிக் டிக் என்று சூடு ஆறிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்த முகங்களில் ஒன்று, சேத்தூர்க்காரர் ஒருவர், கேட்டார்.

“மாஸ்டர், ஏன் மாஸ்டர் அப்படி முறுக்குனீங்க?”

“நான் முறுக்கல” என்றேன்.

“நாங்க எல்லாரும் கேட்டோமே. மெதுவாத்தான போனீங்க, திடீர்னு முறுக்கிட்டு நேரா போயிட்டீங்க.”

முறுக்கவில்லை என்று மறுபடியும் சொன்னேன்.  அடிபட்டவனோடு எதற்கு வாதம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்சம்மா மட்டும் என் பக்கத்தில் மண்டியிட்டு, பையிலிருந்து பேண்டேஜ் துணி எடுத்து, என் இடது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் கட்டத் தொடங்கியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காறை எலும்பு முறிந்திருந்தது. முன்பல் இரண்டு போயிருந்தன. வலது கைக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. அதைப் படுக்கையின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

மறுநாள் பகலில் நர்சம்மா வந்தார். பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்திருந்தார். அதை ஊற்றிக் கொடுத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மாஸ்டர், ஒங்கள ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடக் கூடாது. நெசமாவே நீங்க முறுக்கலயா?”

“இல்ல நர்சம்மா. கை அசையவே இல்ல. ஹேண்டில ஒடிச்சேன், அதுவா கத்துச்சு.”

“வலப்பக்கம் ஒடிச்சப்ப.”

“ஆமா. வலப்பக்கம்.”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெருவில் பூ விற்கிறவளின் குரல் வந்தது. அது தேய்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“இன்னொண்ணு. விழப் போறோம்னு தெரிஞ்சப்ப பயமா இருந்துச்சா?”

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துத்தான் சொன்னேன். “பயப்பட நேரம் இல்ல. என்ன இது, ஏன் இப்படிப் போகுதுன்னு ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. அதுக்குள்ள முடிஞ்சு போச்சு.”

“ஆச்சரியமா” என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். “வேற யாரயும் நினைக்கலயா?”

“இல்ல. யாரையும் நினைக்க நேரமில்ல.”

அப்போதுதான் அவர் அழுதார். சத்தம் இல்லாமல், முகத்தை மூடாமல். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னார். “அந்த வண்டியில விழுந்தது அவுகளும் நீங்களும்தான். ரெண்டு பேருல ஒருத்தரத்தான் என்னால கேக்க முடியும். அதான் கேட்டேன்.”

வண்டியை பாய் தெரிந்த மெக்கானிக்கிடம் போட்டிருந்தார். நான் கட்டோடு எழுந்து நடமாடத் தொடங்கியதும் மூன்று பேரும் போனோம். முன்பக்கம் நசுங்கி, இன்ஜின் உயிர் விட்டிருந்தது. ஓட்டிப் பார்த்துச் சோதிக்க வழியில்லை. மெக்கானிக் டேங்கைக் கழற்றி, ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தூக்கிக் காட்டினார். அதன் கறுப்பு உறை ஓரிடத்தில் தேய்ந்து, உள்ளே கம்பி பளபளத்தது.

“கேபிள் போக வேண்டிய வழியில போகல. ஹேண்டில வலப்பக்கம் முழுசா ஒடிச்சா இங்கன மாட்டி இழுக்கும். இழுத்தா, முறுக்காமலே இன்ஜின் ரேஸ் ஆகும்.”

“அப்ப இதுதான் காரணமா?” என்று பாய் கேட்டார்.

“இருக்கலாம்.”

நர்சம்மா முன்னால் வந்தார். “கேணியில விழுறதுக்கு முன்னாலயும் இப்படித்தான் இருந்துச்சா?”

மெக்கானிக் கேபிளைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். “அது எனக்கு எப்படிம்மா தெரியும்? கேணியில இருந்து கயிறு கட்டி இழுத்துருக்காங்க. நெளிஞ்சத நிமித்திருக்காங்க. அப்ப எவனாவது தப்பாக் கோத்துருக்கலாம். முன்னாலயே இருந்துருந்தாலும் இருந்துருக்கும்.”

நர்சம்மா தனக்கு அது போதும் என்பதுபோலத் தலையசைத்தார். வெளியே வந்ததும் என்னிடம் ஓர் உதவி கேட்டார். வன்னியம்பட்டியில் அவருடைய கணவரின் அண்ணன் இருக்கிறார். தம்பிக்குக் கொள்ளி வைத்ததோடு சரி, பிறகு அவர் பேரை வீட்டில் யாரும் எடுக்க விடவில்லை. திதி கொடுக்கவில்லை. தானாகப் போனவனுக்குப் படம் எதற்கு என்று போட்டோவைக்கூட மாட்டவில்லை. “நான் சொன்னா பொண்டாட்டி சொல்லுதான்னு நெனப்பாக. நீங்க வந்து நடந்ததச் சொல்லுங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

போனோம். அண்ணன் பருத்தி விவசாயி. கறுத்து, உயரமாக, அதிகம் பேசாத மனிதர். என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டே கேட்டார். நான் எட்டு போட்டதிலிருந்து கல்தூண்வரை சொன்னேன். மெக்கானிக் சொன்னதையும், தெரியாது என்று அவர் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். களை எடுத்த பெண்கள் கேட்ட சத்தமும் சேத்தூர்க்காரர் கேட்ட சத்தமும் ஒன்றாக இருந்ததை மட்டும் நான் சொல்லவில்லை. அவரே புரிந்துகொண்டார்.

“தம்பி, ஒம்ம கை முறுக்கலல்லா?”

“முறுக்கலண்ணே.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவர் உள்ளே போனார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். 

“முந்தின நாள் இங்கன வந்தான் தம்பி. கம்மங்கஞ்சி குடிச்சான். செத்த நேரம் இருந்துட்டுப் போடான்னேன். இல்லண்ணே, நாளைக்கு வாரேன்னு போனான்.” வாசல் பக்கம் நகர்ந்தார். “நாளைக்கு வாரேன்னான். சாவப் போறவன் எதுக்கு எங்கிட்ட அப்படிச் சொன்னான்னு நாலு வருசமா அவன் மேல எம்புட்டு ஆத்திரம் தெரியுமா எனக்கு? வாரதாத்தான் இருந்துருக்கான்.”

நர்சம்மா சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார். அவர் அழவில்லை. அண்ணன்தான் அழுதார், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, பெருங்குரலில்.

அந்த வருஷம் திதி கொடுத்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அங்கேதான் அவரை முதன்முதலில் பார்த்தேன், சுவரில் மாலை போட்ட படத்தில். ஒல்லியான முகம், கொஞ்சம் கூச்சமான சிரிப்பு. என்னைவிட ஓரிரு வயது மூத்தவராக இருந்திருப்பார். பந்தியில் எனக்கு அவருடைய அண்ணனே பரிமாறினார். நான் படத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அந்த முகத்தை எனக்குத் தெரியாது, ஆனால் அந்தக் கை தெரியும். விரல் குழிகள் தெரியும். அவர் கடைசியாகக் கேட்ட சத்தம் தெரியும். உயிரோடிருக்கும் ஒருவனுக்குத் தெரியக் கூடாத ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் படத்துக்குள் போய்விட்டதாகத் தோன்றியது.

எலும்பு கூடியதும் மறுபடியும் டிராக்குக்குப் போனேன். பாய் நல்லவர், என் இடத்தில் வேறு ஆள் போடவில்லை. ஆனால் வலது வளைவு வரும்போதெல்லாம் என் கையின் மேல் இன்னொரு கை இருப்பதுபோல இருக்கும். அழுத்தாது. சும்மா இருக்கும். பிறரிடம் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. நர்சம்மா ஒரு மொபெட் வாங்கி, அதில் பழகி, லைசென்சு எடுத்துக்கொண்டு போனார். பழைய வண்டி இரும்புக் கடைக்குப் போயிற்று.

எல்லாம் அத்தோடு முடிந்திருக்கலாம். சில வருஷங்கள் கழித்து, வங்கியில் வேலை பார்க்கும் நடுத்தர வயது மனிதர் ஒருவர் பழக வந்தார். நிதானமானவர், பொய் பேசத் தெரியாதவர். ஒரு மாலை எட்டு போடும்போது வலது வட்டத்தில் வண்டி கொஞ்சம் சரிந்தது. நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். அவருடைய மணிக்கட்டு கீழே இறங்குவதை, ரப்பர் பிடி அதோடு சேர்ந்து சுழல்வதை என் கண்ணால் பார்த்தேன். வண்டி பாய்ந்தது, அவர் புரண்டு விழுந்தார். நல்லவேளை, முழங்கை சிராய்ப்போடு போயிற்று. தூக்கி உட்கார வைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

“நான் முறுக்கல மாஸ்டர். சத்தியமா முறுக்கல. கை அசையவே இல்ல. அதுவா கத்துச்சு.”

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்ன அதே சொற்கள்.  அவருக்கு வாங்கிவந்த சோடாவை நான் குடித்தேன்.

பாயிடம் மட்டும் கேட்டேன். “நானும் முறுக்கியிருப்பேனோ பாய்?”

 “அத இப்பப் போய் ஏன் தோண்டுத? ஒன் வார்த்தைய நம்பி ஒரு வீட்டுல ஒருத்தன் படத்த மாட்டிருக்காங்க. எறக்கச் சொல்லப் போறியா?”

“கேபிள் தேஞ்சிருந்துச்சே.”

“தேஞ்சிருந்துச்சுல்ல? அத நெனச்சுக்கோ.”

நினைத்துக்கொள்கிறேன். கேபிளை நினைக்கும்போது வங்கிக்காரரின் மணிக்கட்டு வருகிறது. மணிக்கட்டை நினைக்கும்போது ‘நாளைக்கு வாரேன்’ என்ற குரல் வருகிறது, நான் ஒருபோதும் கேட்டிராத குரல். சத்தியம் செய்தபோது எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அது மட்டும் உண்மை.

தொண்ணூறுகளின் கடைசியில், டிராக் இருந்த இடத்தை மனை போட்டு விற்றுவிட்டார்கள். நான் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நர்சம்மாவைப் பார்த்தேன். மொபெட்டின் பின்னால் தடுப்பூசிப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “மாஸ்டர், தோள் வலி எப்படி இருக்கு?” என்றார்.

மழைக்காலத்தில் வலிக்கும் என்றேன். பிறகு அவர் கேட்காமலே சொல்லிவிட்டேன், வங்கிக்காரர் விழுந்ததை, அவர் சொன்னதை, என் கண் பார்த்ததை. “இப்ப யாராவது எங்கிட்டக் கேட்டா, தெரியலன்னுதான் சொல்வேன் நர்சம்மா.”

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

“எனக்கும் அப்படித்தான் மாஸ்டர். சில நாள் நல்லாத் தெரியும், அவுக வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தாகன்னு. அன்னைக்கு அந்த வளைவு வழியாவே போயிருவேன், கேணியப் பாத்துக்கிட்டே. சில நாள் தெரியாது. அன்னைக்கு ஊரச் சுத்திப் போவேன். நாலு மைல் கூட. போனாப் போகுது.”

பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார். மருந்து சூடாகிவிடும், போக வேண்டும் என்றார். இன்றைக்கு எந்த வழி என்று நான் கேட்கவில்லை.